மாதாவுக்கு அயல்வீட்டுக்காரி

சந்தையில் சதகுப்பைக் கீரையைக் கட்டுக்கட்டாகப் போட்டிருப்பார்கள். நான் வாங்குவதில்லை. ஒரு நுனியை மட்டும் கிள்ளி, விரலில் கசக்கிக்கொண்டு நடந்துவிடுவேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த பெண்ணுக்கு அந்த மணம் பிள்ளை பெற்ற அறையை நினைவூட்ட வேண்டும்: விதையை வறுத்து இடித்த மருந்து, சாத்திய ஜன்னல், வெள்ளைத் துணி. எனக்கோ அது ஒரு கராஜ். ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் பாதையைப் பார்த்த ஒரு செங்கல் வீட்டின் கராஜ். அதற்குள் கார் கிடையாது. பீப்பாய்கள். பீப்பாய்களுக்குள் வெள்ளரிக்காய், பூண்டு, உப்பு, கொத்துக்கொத்தாய்ச் சதகுப்பை. நடுவில், சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, பீப்பாய்க்குள் பாதி மறைந்தபடி ஒரு போலந்துக்காரி.

எழுபதுகளில், நாங்கள் இந்தக் கங்காரு நாட்டில் வந்திறங்கிய புதிதில், அந்தக் கராஜுக்குப் பின்னால் ஒட்டியிருந்த இரண்டு அறைகளில் நானும் என் கணவரும் வாடகைக்குக் குடியிருந்தோம். அவர் ரயில்வேயில் வரைபடம் வரையும் வேலைக்குப் போய்வந்தார். எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. பகல் முழுவதும் நானும் அந்தப் பெண்மணியும் ஒரே வேலிக்குள் இருந்தோம். ஆங்கில முறையில் அன்ரி என்று கூப்பிட்டோம். அந்தச் சொல்லை அவர் ஒரு பட்டம்போல ஏற்றுக்கொண்டார். உலக யுத்தம் முடிந்தபின் கப்பலில் வந்தவர். கணவர் இறந்துவிட்டார். ஐம்பதைத் தொட்டிருந்தார், கதவுநிலை போன்ற தோள்கள். ஆங்கிலத்தில்தான் பேசினோம், இருவருக்கும் அது இரவல். இத்தனை காலத்துக்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எங்கள் பேச்சிலேயே எனக்குள் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. பெருமையாகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. சிலருக்கு விசிலடிக்க வராது. அவருக்குக் கேட்க வராது.

ஒரு காலை எங்கள் குசினி வாசலில் வந்து நின்றார். கதவைத் தட்டவில்லை. தட்டுவதும் ஒருவகைக் கேட்பதுதானே.

"என்ர வீட்டில உப்பு முடிஞ்சுது," என்றார், என்னைப் பார்க்காமல், வெளியே எலுமிச்சை மரத்தைப் பார்த்தபடி.

"ஓ, அப்பிடியா," என்றேன் நான், புதியவள்.

"பீப்பாயில வெள்ளரிக்காய் கிடக்கு. உப்பில்லாமல் கிடக்கு."

"ஓம்..."

"இண்டைக்கு ஞாயிறு. கடை பூட்டு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உப்புப் போத்தலை எடுத்து நீட்டினேன். நான் வற்புறுத்தித் திணித்ததைப் போல, சற்றுப் பொறுமையோடு அதை வாங்கிக்கொண்டு போனார்.

மாலையில் என் கணவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அவர் கேட்பார்: "அன்ரி வந்தவவோ? இண்டைய வானிலை அறிக்கை என்ன?"

"வெங்காயத் தட்டுப்பாடு. பின்னேரம் ஏணி பிடிக்க ஆளில்லாத நிலை."

"அப்ப நான் உடுப்பு மாத்தாமலே போறன்."

அன்ரி பஸ்ஸில் ஏறினால், "இந்த முழங்கால் நல்லதில்லை," என்று பஸ் முழுவதற்கும் அறிவிப்பார். யாராவது எழும்புவார்கள். இறைச்சிக் கடையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "அந்த எலும்பு நல்ல எலும்பு," என்பார். கடைக்காரர் மால்ட்டாக்காரர், பெரிய மீசை. "எலும்பிட்ட சொல்லிவிடுறன், சந்தோஷப்படும்," என்பார், சுற்றிக்கொண்டே. இருவருக்கும் அது பல வருட விளையாட்டு. அவர் ஒரு நாளும் "தாருங்கள்" என்றதில்லை, கடைக்காரர் ஒரு நாளும் தராமல் விட்டதில்லை.

ஆனால் கொடுப்பதில் மனிதர் வெள்ளம். எங்கள் வாசற்படியில் காலையில் முட்டைக்கோஸ் இருக்கும், பிளம்ஸ் இருக்கும், யாரோ விட்டுப்போன குழந்தைபோலத் துணியில் சுற்றி ஒரு ரொட்டி இருக்கும். நன்றி சொன்னால் பிடிக்காது. "அது கிடந்தது," என்பார்.

ஓர் இலையுதிர் காலத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலிகளில் அடைத்த இலைகளை வாரப் போய் ஏணியிலிருந்து விழுந்தார். நான் கண்டது மதியம், துணி காயப்போட வந்தபோது. புல்லில் மல்லாந்து கிடந்தார், ஒரு கால் இருக்கக்கூடாத கோணத்தில்.

"ஐயோ அன்ரி! எப்ப விழுந்தனீங்கள்?"

"தபால்காரன் வர முந்தி."

"தபால்காரர் வந்தவரோ? அவரிட்டச் சொல்லேல்லையோ?"

"காலை வணக்கம் சொன்னான். நானும் சொன்னன்."

வெயில் காய்கிறார் என்று நினைத்திருப்பார் அந்த மனிதர்.

"நான் உள்ளுக்குத்தானே நிண்டனான்! ஒரு சத்தம் போட்டிருக்கலாமே!"

அவர் சிறிது யோசித்தார். முகம் வெளுத்து, உதட்டோரம் வலியில் துடித்துக்கொண்டிருந்தது. "வானம் நல்லாயிருக்கு," என்றார்.

காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். நான் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொதியை முதல்முறை கண்டவர் கரண்டியால் கிண்டி, "மஞ்சள் சூப்," என்று பெயர் வைத்தார். குடித்து முடித்ததும், "கோப்பையின்ர அடி தெரியுது," என்றார். நான் மறுபடி ஊற்றினேன். அந்த மாவுக்கட்டு வாரங்களில்தான், ஜன்னலோரக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு, தன் ஊரைச் சொன்னார்.

போலந்தின் தெற்கே, மலை தொடங்குமிடம். அந்த ஊரின் பெயரை என் நாக்கு இன்றும் பாதியிலே கைவிடும். கொஞ்சம் வீடு, நிறையச் சேறு, வாத்துகள், மேட்டில் மரத்தாலான கோயில். கோயிலுக்குள் மெழுகுதிரிப் புகையில் முகம் கறுத்த ஒரு மாதா படம். வருடம் முழுக்க யாரும் எட்டிப்பார்க்காத ஊர். ஆவணி நடுவில், மாதாவின் திருவிழாவுக்கு மட்டும் உலகமே அதை நோக்கி நடந்து வரும். ஊர் ஊராகக் கூட்டங்கள், கூட்டத்துக்கொரு கொடி, கொடிக்கொரு பாட்டு. பாட்டு முதலில் காட்டுக்குப் பின்னால் கேட்கும், பிறகு தூசி தெரியும், பிறகுதான் மனிதர்கள்: கொப்புளம் வெடித்த கால்கள், முதுகில் குழந்தைகள், தடியூன்றிய கிழங்கள். ஊர்க்காரர் மாடுகளை வெளியே கட்டிவிட்டுக் களஞ்சியத்தில் வைக்கோல் பரப்புவார்கள். நோயாளிக்குத் தங்கள் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுப்பார்கள். இவர் சிறுமியாக வாசலில் நின்று, வருகிறவர்களின் கால்களைப் பார்த்தே எத்தனை நாள் நடை என்று சொல்வாராம்.

"நீங்கள் மாதாவிட்ட என்ன கேப்பியள் அன்ரி?" என்றேன்.

"நாங்களோ? நாங்கள் கேக்கிறேல்லை."

"ஒண்டுமே?"

"உன்ர அயல்வீட்டுக்காரியிட்டப் போய் நீ முழங்காலில நிப்பியோ? அவ எங்கட ஊர்க்காரி. காலமை தாண்டிப் போகேக்க வணக்கம் சொல்லுவம். பனி விழுந்தால் அவவின்ர வாசலையும் சேர்த்துக் கூட்டுவம். கேக்கிறது நடந்து வந்த சனம். திருவிழாவில கோயிலுக்குள்ள அவைக்குத்தான் இடம், நாங்கள் வெளியில நிப்பம். அவ்வளவு தூரம் நடந்து வந்தவைக்கு முன்னால நாங்கள் போய், எனக்கு அதைத் தா, இதைத் தா எண்டால்... சீ."

பக்தியே இல்லாத குரல். வீட்டு ஒழுங்கைச் சொல்லும் குரல். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் நாட்டிலும் ஆவணியில் மடு மாதாவிடம் சனம் போகும், காட்டுக்கு நடுவே கோயில், சைவக்காரரும் போவோம் என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வைக்கோல் ஆர் குடுப்பினம்?"

"ஒருத்தருமில்லை அன்ரி. மரத்துக்குக் கீழ பாய் விரிச்சுப் படுப்பம்."

"அப்ப அந்த ஊர்ச் சனம் என்னதான் செய்யினம்!" என்று மாவுக்கட்டுக் காலையும் மறந்து எழும்பப் பார்த்தார்.

அவருடைய தாய் மட்டும் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். யுத்த காலம், தகப்பனைச் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தாய் சால்வையை எடுத்துப் போர்த்துக்கொண்டு பின்வழியால் ஊரை விட்டுப் போனாள். காட்டுக்கு அப்பால் வேற்றூரில், தெரியாத வீட்டுக் களஞ்சியத்தில் வெளியூர்க்காரியாக ஓர் இரவு படுத்தெழும்பி, அங்கிருந்து வந்த ஒரு கூட்டத்தோடு சேர்ந்து நடந்து, தன் ஊருக்குள்ளேயே பாடிக்கொண்டு நுழைந்தாள்.

"நான் எங்கட வாசல்ல நிண்டனான். என்னைத் தாண்டித்தான் போனா. பார்க்கேல்லை. நானும் கூப்பிடேல்லை. பார்த்திருந்தால் திரும்ப ஊர்க்காரியாகியிருப்பா."

"பிறகு அப்பா வந்தாரோ?"

"இல்லை."

அவர் எனக்காக இரங்குவதுபோலத் தலையை ஆட்டினார்.

"ஆனால் அம்மா அதுக்குப் பிறகு நேராய் நடந்தா. வாய் திறந்து கேட்டவளின்ர நடை வேற. உனக்கு அது தெரியாது, நீ எல்லாத்தையும் கேக்கிறவள்."

அந்த வீட்டின் முன்னறைக்கு அடுத்து ஓர் அறை இருந்தது. சனிக்கிழமைகளில் அதன் கட்டில் விரிப்பு மாற்றப்படும். யாரும் படுக்காத விரிப்பு, கழுவிய விரிப்பு, மறுபடி மாற்றப்படும். நடைபாதை ஆணியில் ஓர் ஆண்பிள்ளைக் கோட்டு தொங்கும். ஒரே மகன். தகப்பனைப் புதைத்த சில மாதங்களில், மேற்கே வேலை இருக்கிறது என்று பையைத் தூக்கியவன். எத்தனையோ வருடமாகத் தொடர்பில்லை. போலந்துக்காரர் கூடும் மன்றத்தில் ஒருவர் ரயிலில் நாள்கணக்கான தூரத்திலுள்ள கல்கூர்லியில் அவனைக் கண்டதாகச் சொல்லியிருந்தார்: சுரங்கத்தில் வேலை, ஊர் எல்லையில் கடைசி வீடு, தனி ஆள்.

மாவுக்கட்டை வெட்டிய அன்று அதையும் சொன்னார்.

"போற அண்டைக்கு வாசல்ல நிண்டான். கனநேரம் நிண்டான். ஒரு சொல்லுக்காக நிக்கிறான் எண்டு எனக்குத் தெரியும்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"அங்க இரவில குளிரும், கோட்டை எடு எண்டன்."

"அவர்?"

"கோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். போயிட்டான்."

போகாதே என்பது ஒரு சொல். எங்கள் பேச்சிலும் ஒன்று, அவருடையதிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கவேண்டும். அந்த ஒரு சொல் வாயில் வராத ஊரிலிருந்து வந்தவர், வராத சொல்லுக்குப் பதிலாகச் சனிக்கிழமைதோறும் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு திட்டம். அதை அறிவித்தபோது அவர் முகத்தில் ஒரு தளபதியின் வெளிச்சம்.

"ஊருக்குப் போறன். அம்மா மாதிரி, வெளியூரில படுத்து, கூட்டத்தோட நடந்து வந்து கேக்கப்போறன், அவன் வரவேணுமெண்டு. இப்ப நான் வெளியூர்க்காரிதானே! கடல் தாண்டினவள். என்னைவிடத் தூரத்திலயிருந்து ஆர் வருவினம்? எனக்கு உரிமை வந்திட்டுது."

உலகத்தில் எவரும் அகதியானதை இப்படிக் கணக்குப் பார்த்து நான் கண்டதில்லை. ஊரை இழந்ததில் அவருக்கு ஓர் ஆதாயம் கிடைத்துவிட்டது: இனிக் கேட்கலாம்.

டாக்டர் முழங்காலை மடக்கி நிமிர்த்தி, இந்த மூட்டு இன்னுமொரு நெடுநடையைத் தாங்கினால் பெரிய காரியம், அதன்பின் தடியும் கதிரையும்தான் என்றார். வெளியே வந்து, "ஒண்டு போதும்," என்றார் அன்ரி.

அந்த ஒன்றுக்காக நடந்து பழகினார். ஞாயிறு பூசை முடிந்ததும், தலையில் பூத்துணி, தடித்த காலுறை, ரயில் பாதையோரமாக ஹோம்புஷ், லிட்கம், ஆபர்ன். கூட நான். ஒரு சேலைக்காரியும் ஒரு தலைத்துணிக்காரியும் தெருவோரம் நடக்கிறார்கள் என்றால் அந்தக் காலத்தில் கார்கள் மெதுவாகும். "ஏத்திக்கொண்டு போகவோ?" என்று யாராவது தலையை நீட்டுவார்கள். "நல்ல கார்," என்று சொல்லிவிட்டு நடப்பார். யூகலிப்டஸ் இலைகள் காலடியில் நொறுங்கும். தன் மொழியில் ஏதோ பாட்டு, மூச்சு வாங்கும் இடங்களில் வரி அறுந்து, அடுத்த மின்கம்பத்தில் மீண்டும் தொடங்கும். முழங்கால் மாலைகளில் பூசணிபோல வீங்கும். மறு ஞாயிறு மறுபடி.

ஆபர்ன் பூங்காவின் நீண்ட மர வாங்கில் ஒரு ஞாயிறு உட்கார்ந்திருந்தோம். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சுக்குள் ஒன்று பல நாளாகக் கிடந்தது.

"அன்ரி, ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கக்கூடாது."

"கோவம் வந்தால் வரும்."

"உங்களிட்ட ஒரு நடைதான் மிச்சம். அதைக் கொண்டுபோய் மாதாவிட்டச் செலவழிக்கிறியள். மகன் இந்த நாட்டிலதானே இருக்கிறார். அவரிட்டயே நடந்து போய்க் கேக்கலாமே."

"அவன் என்ர வீட்டு ஆள். வீட்டு ஆளிட்ட ஆர் கேப்பினம்?"

"வீட்டிலயோ இருக்கிறார்? அவர் வேற ஊர்க்காரர் இப்ப. அவற்ற வாசலுக்கு நீங்கள் வெளியூர்க்காரி. இங்கயும் உங்களுக்கு உரிமை இருக்கு, அன்ரி."

தேய்த்த கை நின்றது. அவர் முகம் சிவந்து, பிறகு அந்தச் சிவப்பு கழுத்துக்கு இறங்கியது.

"நீ நிறையக் கதைக்கிறாய்," என்றார்.

அன்று திரும்பி நடக்கவில்லை. ஆபர்ன் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். அவர் வேறு பெட்டியில் ஏறினார்.

ஒரு வாரம், அதற்கு மேலும், வாசற்படியில் ஒன்றும் கிடக்கவில்லை. குசினி வாசலில் நிழல் விழவில்லை. "வானிலை அறிக்கையே இல்லை," என்றார் என் கணவர் மெல்ல. "புயல் வரப்போகுது. வேற வீடு பார்க்கவேணுமோ தெரியாது." நான் கராஜ் பக்கம் போகவே அஞ்சினேன். இரவுச் சாப்பாட்டு நேரம் அவர் வீட்டு விளக்கு எரியும், வானொலி இருக்காது. அந்த அமைதியில் ஒருத்தி தன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிறகு ஒரு மாலை, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் நின்றார். எலுமிச்சை மரத்தைப் பார்த்தார்.

"கல்கூர்லி ஸ்டேஷன் ஊருக்கு நடுவில இருக்காம்."

என் கணவர் சோற்றுக் கையோடு எழும்பினார். "ஓம் அன்ரி, நடுவிலதான்."

"அது சரிவராது. நடுவில இறங்கினால் நடந்து வந்ததாகாது."

"அப்ப?"

"டாக்ஸியில ஊருக்கு வெளியால போவன். நல்லாத் தூரம். அங்க ஒரு விடுதி இருக்காம், இரவு படுப்பன். விடிய நடந்து வருவன்."

"டாக்ஸியில வெளியால போய், வந்த வழியால நடந்து வாறதோ?" என் கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "டிரைவர் விசரியெண்டு நினைக்கப்போறான் அன்ரி!"

"நினைக்கட்டும். அவன் உள்ளூர்க்காரன், அவனுக்கென்ன தெரியும்."

நாங்கள் மூவரும் சிரித்தோம். அவர் சிரித்து நான் பார்த்தது அரிது. பெரிய பற்கள், ஒன்றில் வெள்ளி.

ஆவணியில் புறப்பட்டார், ஊரில் திருவிழாக் கொடிகள் காட்டைத் தாண்டும் நாட்களாகப் பார்த்து. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நாங்கள் கூட்டிக்கொண்டு போனோம். எங்களுக்கும் அடுத்த மாதம் மெல்பேர்னுக்கு மாற்றம் வந்திருந்தது, அறைகளைக் காலி செய்யும் தறுவாய். மறுபடி சந்திப்போம் என்று எல்லோரும் சொல்வதைப் போலச் சொல்லிக்கொண்டோம். சந்திக்கவில்லை.

பிளாட்ஃபாரத்தில் நீளமான வெள்ளி ரயில், நாட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவது. அவர் கையில் சின்னப் பை மட்டும். கோட்டு இல்லை. ரொட்டி இல்லை, ஊறுகாய்ப் போத்தல் இல்லை.

"ஒண்டும் கொண்டுபோகேல்லையோ அன்ரி? மகனுக்குக் கோட்டாவது..."

"கொண்டுபோனால் குடுக்கப் போனவளாகிடுவன்," என்றார். "குடுக்கிறது எனக்குச் சுகம். நான் கேக்கப் போறன்."

குரல் உறுதியாகவே இருந்தது. கைதான் பையின் பிடியை விட்டுவிட்டுப் பிடித்தது. பெட்டி வாசலில் ஏறி நின்றார், அந்த முழங்காலை மெல்ல மேலே தூக்கி, கம்பியைப் பற்றி. உதவிக்கு நீண்ட என் கணவரின் கையைப் பார்த்து, "நல்ல கை," என்றார். ஆனால் பிடித்துக்கொண்டார்.

கதவுகளை அடைத்துக்கொண்டு ஊழியர் வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை காலமும் வராத சொல் அந்த வாசலிலும் வராமல் போனால்? அவன் கதவைத் திறந்துவிட்டு நிற்க, இவர் வானத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால்?

"அன்ரி, அவர் கதவைத் திறந்தவுடன என்ன சொல்லுவியள்? எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ!"

அவர் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. முதல்முறையாக என் கண்களை நேராகப் பார்த்தபடி பேசினார்.

"தூரத்திலயிருந்து நடந்து வந்த ஆள், வேற என்ன? முதல்ல தண்ணி கேப்பன்."